மணல்வெளியைக் கடந்து வந்தவர்

மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

லவினியா வாசலிலேயே நின்றுவிட்டாள். மிஸஸ் ஹாஸ்கின் வீட்டு மாடியறைக்குக் குடிவந்ததிலிருந்து அவளுக்கென்று வைப்பது ஒரே தட்டுதான். புருஷனை இழந்தவள் என்று சொல்லித்தான் அந்த அறையைப் பிடித்திருந்தாள். கறுப்பு உடுப்பும் பொய்ப்பெயரும் அதற்குத் துணை.

அந்தப் பொய் இன்று காலை நிஜமாகியிருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவன் சொன்னான். "எவனோ மில் முதலாளியாம். பேரு க்ரோஃப்ட்டாம். ஓடிப்போன பொஞ்சாதியத் தேடி வந்தவன், வழிகாட்டி வேணாம்னுட்டு வளைகுடா மணல்ல வண்டியை விட்டிருக்கான். வண்டி, குதிரை, ஆளு, மொத்தத்தையும் புதைமணல் முழுங்கிருச்சு."

லவினியாவுக்கு அழுகை வரவில்லை. முன்பு ஒருமுறை அப்பா வீட்டுக்கு ஓடியவளை, புருஷன் ராண்டல் க்ரோஃப்ட்டிடமே திரும்பக் கொண்டுவந்து விட்டவர் அப்பாதான். அவன் உடைத்த தோளெலும்பு பனிக்காலம் முழுக்க வலித்தது. இன்று அது வலிக்கவில்லை. நாளெல்லாம் கரையோரம் நடந்துவிட்டு, மூடுபனி இறங்கிய பின்தான் திரும்பியிருந்தாள்.

"வந்துட்டீங்களா அம்மா?" மிஸஸ் ஹாஸ்கின் கையைத் துடைத்தபடி அடுக்களையிலிருந்து வந்தாள். "புருஷன் செத்துட்டாருன்னு என்கிட்டயே கதை விட்டீங்களே, கெட்டிக்காரிதான் போங்க! ஐயா மேல உங்க ரூம்ல இருக்காரு."

"எந்த ஐயா?"

"எந்த ஐயாவா? உங்க வீட்டுக்காரர்தான். தொப்பல்தொப்பலா நனைஞ்சு வந்தாரு, பாவம். ஒரு வார்த்தை பேசல. சங்கிலியில தொங்குற பதக்கத்தத் திறந்து உள்ள இருக்குற உங்க படத்தக் காட்டினாரு, அவ்வளவுதான்."

அப்போதுதான் அந்த வாடை லவினியாவுக்கு உறைத்தது. கடல் வடிந்த சேறு, அழுகிய பாசி, குதிரை மயிர், எல்லாவற்றுக்கும் அடியில் ராண்டல் தலைக்குப் பூசும் வாசனைத் தைலம். மாடிப்படிகளில் தண்ணீர் ஒவ்வொரு படியாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"அவர் செத்துட்டார்," என்றாள்.

"கோபத்துல எல்லாப் பொம்பளையும் சொல்றதுதான். நான் சொல்லாததா?" மிஸஸ் ஹாஸ்கின் சிரித்துக்கொண்டே வாசற்கதவை மறித்து நின்றாள். "அடுத்தவன் பொஞ்சாதிய ஒளிச்சு வச்சேன்னு நாளைக்கு கோர்ட்டுல என்னைய நிறுத்துவாங்க. போய்ச் சமாதானமாப் பேசுங்கம்மா."

லவினியா அலறினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் என்னவென்று கேட்டது. "ஒண்ணுமில்ல, புருஷன்கிட்டப் போக மாட்டேங்கிறா," என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. ஜன்னல் மூடியது.

பெரிய பாத்திரங்களைத் தூக்கிப் பழகிய கைகள் மிஸஸ் ஹாஸ்கினுக்கு. கிட்டத்தட்ட அன்பாகத்தான் அவளை மேலே தள்ளிக்கொண்டு போனாள். அறைக்குள் விட்டு, வெளியே சாவியைத் திருப்பினாள்.

விளக்கு இல்லை. ஜன்னலில் பனியின் வெளிச்சம். அதன் முன்னே அகன்ற முதுகு. சட்டைக்கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூச்சுச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. அவளுடையது.

"ராண்டல்..."

திரும்பினான். முகம் அவனுடையதுதான். வீங்கியிருந்தது. கண்கள் இருந்த இடத்தில் ஈர மணல்.

கதவை இழுத்தாள். அசையவில்லை. அடித்தாள். கீழே மிஸஸ் ஹாஸ்கின் கரண்டியால் எதையோ கிளறும் ஓசை.

அவன் வாயைத் திறந்தான். அவள் பெயரைச் சொல்லத்தான். பெயர் வரவில்லை. மணல் வந்தது. சாம்பல் நிற, குளிர்ந்த மணல். நிற்காமல் கொட்டியது. தரையில் பரவியது. அவள் பாதத்தை மூடியது.

காலை உருவப் பார்த்தாள்.

மணல் இறுகியது.

முழங்கால் வரை வந்துவிட்டது. அவன் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது.