ஜெபமலர் பிழைத்த ஓட்டங்கள்

விலக்குமானி முதலில் மாத்திரையை எடுத்தது. ஜெபமலர் செத்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமையை, மாத்திரை என்ற ஒன்று மட்டும் இல்லாமல், எந்திரம் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தது. பிறகு திரையில் கணக்கைப் போட்டது: மரணம் 9,312. உயிர் 688. தூத்துக்குடி விலக்கு நீதிமன்றத்தில் நிரம்பி வழிந்த கூட்டம், இரண்டு எண்களும் இடம் மாறி விழுந்துவிட்டனவோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

முன்வரிசையில் இருந்த ஞானதுரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாத்திரைதான் தன் மகளைக் கொன்றது என்று இன்றைக்கு எழுத்தில் வந்துவிடும், அதற்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று மனைவி ரூபவதியிடம் சொல்லி, காலை இட்லியைத் தொடாமல் வந்திருந்தார் மனிதர்.

"எந்திரத்துல கோளாறும்மா," என்றார்.

"ரெண்டு தடவை ஓட்டிட்டேன் ஐயா. அதேதான் வருது," என்றாள் விலக்குமானியை இயக்கும் நிலோபர்.

அவருக்குக் கைகால் ஓடவில்லை. ஓடுமா? ஜெபமலர் ஒரே மகள். இருபத்திரண்டு வயதில், பட்டப்பகலில், சொந்த வீட்டு வாசலில், கதவுக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக் கம்பியால் அடிபட்டு இறந்தாள். அடித்தவன் எதிர்வீட்டு எட்வின். அவன் இரத்தத்தில் ஊசி வழியாக ஏற்றிக்கொண்ட வலி மாத்திரை இருந்தது. எட்வின் ஜெயிலுக்குப் போனான். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டிக்கொண்டிருந்த, நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற ஞானதுரை, அந்த வேலையை விட்டுவிட்டு மேடை ஏறினார்.

ஏறியவர் இறங்கவில்லை. வன்முறைக்குக் காரணம் போதையா வறுமையா என்று மாநிலத்தில் எங்கே பட்டிமன்றம் நடந்தாலும் போதை அணிக்கு அவர்தான் தலைவர். எதிரணியில் பேராசிரியை ஒருவர் வருவார். போதை எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் யார் மேலும் கை வைத்ததே இல்லை, இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் தாயாகிவிடாது என்று புள்ளிவிவரம் சொல்வார். ஞானதுரை எழுந்து மகளின் படத்தைக் காட்டுவார். யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியைகூட ஒருமுறை மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தச் சண்டைக்கு முடிவு கட்டத்தான் விலக்குமானி வந்தது. எல்லார் மணிக்கட்டிலும் இருக்கிற நாடிவளை, எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கிற வீட்டுச்செவி, தெருவுக்குத் தெரு இருக்கிற கண் என எதையும் அழிக்காமல் வைத்திருக்கும் இந்த மூன்று பதிவுகளிலிருந்தும் அது நடந்து முடிந்த ஒரு நாளை அப்படியே கட்டி எழுப்பும். பிறகு அதிலிருந்து ஒரே ஒரு பொருளை, ஒரே ஒரு செயலை உருவி எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும். பாதிக்கு மேற்பட்ட ஓட்டங்களில் செத்தவர் பிழைத்தால், எடுத்ததுதான் காரணம். அரசே விற்கிற சரக்கை மட்டும் எடுத்துப் பார்க்கக் கூடாது என்று அரசிதழில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை.

எந்திரத்துக்கு ஏற்ற சட்டத்தையும் ஞானதுரைதான் போராடி வாங்கினார். அதன் ஏழாம் பிரிவு அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதியது: எந்தக் காரணத்தை எடுத்தால் செத்தவர் பிழைக்கிறாரோ, அந்தக் காரணத்தை அங்கே வைத்தவரே அந்த உயிருக்குப் பொறுப்பு. மாத்திரை விற்றவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். நன்றிக்கடனாக அவர் மகள் வழக்கையே முதல் வழக்காக எடுத்திருந்தார்கள். அவர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவர்கள், நாலு பேருந்தில் வந்து இறங்கியிருந்தார்கள்.

"மனு போதையைப் பத்தினது. பதில் வந்தாச்சு," என்றார் நீதிபதி மங்கையர்க்கரசி. "இத்தோட முடிச்சுக்கலாமே, ஐயா."

"முடிக்கக் கூடாதும்மா. முழு விலக்கு கேக்கேன். மனுதாரருக்கு அந்த உரிமை உண்டுன்னு சட்டத்துல இருக்கு."

"இருக்கு. ஆனா எல்லாத்தையும் எடுத்துப் பாக்கும். யாரு என்னன்னு அது பாக்காது."

"பாக்கட்டும். எம்புள்ள எதனால செத்தாள்னு தெரியாம நான் இந்த இடத்தவிட்டு எந்திரிக்க மாட்டேன்."

ரூபவதி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

நிலோபர் வறுமையை எடுத்தாள். எட்வின் வீட்டுக்கு நல்ல வருமானம் கொடுத்து ஓட்டிப் பார்த்ததில், மரணம் 8,905. பின்வரிசையில் இருந்த பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சிறுவயதில் எட்வின் அப்பனிடம் வாங்கிய அடியை எடுத்தாள். மரணம் 8,217. அன்றைய வெயிலை எடுத்தாள், பக்கத்துத் தெரு ஒலிபெருக்கியை எடுத்தாள், எட்வின் அன்று சாப்பிடாமல் இருந்ததை எடுத்தாள். இரும்புக் கம்பியையே எடுத்தாள். அப்போதும் 6,140 தடவை அவன் கைக்கு வேறு ஏதோ ஒன்று கிடைத்தது. ஞானதுரை ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அத்தனை தடவையும் மகளைச் சாகக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

கூண்டில் இருந்த எட்வினும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, முன்நெற்றி ஏறிவிட்டது. மாத்திரை மேல் பழி விழுந்தால் சிகிச்சை இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த ஆசை முதல் ஏழு நிமிடத்திலேயே போய்விட்டது.

பொருள்கள் முடிந்து பேச்சுகள் வந்தன. அந்தச் செவ்வாய்க்கு முந்தைய முப்பது நாளில் எட்வினைப் பற்றி யார் யார் என்னென்ன பேசினார்களோ அத்தனையும். எந்திரம் கடகடவென்று எடுத்துக்கொண்டே போனது. மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நிலோபரின் கை நின்றது. திரையை மறைத்துவிட்டு நீதிபதியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள்.

"திரையில போடுங்க," என்றார் நீதிபதி. "மறைக்கச் சட்டத்துல இடமில்ல."

போட்டாள். மரணம் 412. உயிர் 9,588.

ஜெபமலர் பிழைத்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். ஞானதுரை இரண்டு கையையும் கூப்பினார். அதற்குப் பிறகுதான் எண்ணுக்குக் கீழே இருந்த வரியைப் படித்தார்: எடுக்கப்பட்டது, ஒரு வாக்கியம். சொன்னவர், மனுதாரர்.

"எந்த மனுதாரர்?" என்று கேட்டார். அந்த நீதிமன்றத்தில் வேறு மனுதாரர் யாரும் இல்லை.

நிலோபர் பதிவை ஓட்டினாள். அவர் வீட்டு முன்னறை. மின்விசிறிச் சத்தம். சாயர்புரத்திலிருந்து பெண் வீட்டுக்காரர் ஒருவர் எட்வினைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருக்கிறார். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

"எதிர்வீட்டுப் பையன் எப்படி அண்ணாச்சி?"

"மாத்திரை போடுதான். ஊசி வேற. மறைக்கக் கூடாதுல்லா, அதான் சொல்லுதேன்."

"அது தெரியும் அண்ணாச்சி. பொண்ணுகிட்ட அவனே சொல்லிட்டான். வைத்தியத்துக்குப் போயிட்டு இருக்கான்லா. எம்மவ ஆறு மாசம் பொறுப்போம்ங்கா. அதான் ஆளு எப்படின்னு கேக்க வந்தேன்."

பிறகு ஞானதுரையின் குரல், பன்னிரண்டு வருடம் இளைய குரல், நிதானமாகச் சொன்னது: "வைத்தியமாவது ஒண்ணாவது. எழுதி வச்சுக்கோங்க. மாத்திரை போடுதவன் ஒருநாள் கொலை பண்ணுவான்."

டம்ளர் வைக்கிற சத்தம். அதை அடுத்து ஒரு பெண்குரல்.

"அப்பா, சும்மா இருங்கப்பா. நீங்க காப்பி எடுத்துக்கோங்க மாமா."

ரூபவதி பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். மகள் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. வீட்டில் இருந்த பதிவுகளை எல்லாம் கேட்கச் சகிக்காமல் பெட்டியில் போட்டுப் பூட்டியவர் அவர்தான். ஞானதுரைக்கு அழுகை வரவில்லை.

மீதியை நிலோபர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்று சாயங்காலமே சம்பந்தம் முறிந்தது. கொலைகாரனுக்கா பெண் கொடுப்போம் என்று சொல்லித்தான் முறித்தார்கள். மறுநாள் உப்பளத்தில் வேலை போயிற்று. எட்வினின் அக்காள் தன் குழந்தையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனாள். சிகிச்சைக்குப் போய் இருபது நாள் மாத்திரையைத் தொடாமல் இருந்தவன் அன்று இரவு மறுபடி தொட்டான். மூன்றாம் நாள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க எதிர்வீட்டுக்கு வந்தான். ஞானதுரை துறைமுகத்தில் இருந்தார். அப்பா இல்லை என்று சொன்ன ஜெபமலரை அவன் நம்பவில்லை.

"நான் சொன்னது பொய்யா?" என்றார் ஞானதுரை. "கொன்னான்லா? சொன்ன மாதிரியே கொன்னான்லா?"

அவர் கூண்டைக் கையால் காட்டினார்.

"மாத்திரை போடுதவன்னு சொன்னேன். அது உண்மை. உண்மையச் சொன்னது தப்பா?"

"அந்த உண்மையை நான் எடுக்கல ஐயா," என்றாள் நிலோபர். "அது அப்படியே இருக்கு. ஒருநாள் கொலை பண்ணுவான்னு சொன்ன ஒரு வரியை மட்டுந்தான் எடுத்தேன்."

எட்வின் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சந்தோஷப்பட வேண்டியவன். முகத்தில் அது இல்லை.

"நானும் மாத்திரைதான்னு நெனச்சுட்டு இருந்தேன் அம்மா," என்று நீதிபதியிடம் சொன்னான். "இத்தனை வருசமும் அப்படித்தான் நெனச்சேன். அடிச்சது என் கைதான். அதுல மாத்தம் இல்ல. அதை எங்க கொண்டு வைக்கதுன்னு தெரியல."

நீதிபதி சட்டப் புத்தகத்தைத் திறந்தார். ஏழாம் பிரிவைப் படித்தார். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாதபடி இறுக்கமாகத்தான் ஞானதுரை எழுத வைத்திருந்தார். மாத்திரை வியாபாரி எந்தப் பொந்து வழியாகவும் தப்பிவிடக் கூடாது என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு பொந்தாக அடைத்தவர் அவர்.

"ஒன்பதாம் பிரிவும் இருக்கு," என்றார் நீதிபதி. "கண்டுபிடிச்ச காரணம் நிலுவையில உள்ள மத்த வழக்குகள்லயும் இருக்கான்னு உடனே தேடணும். தேடுங்க, நிலோபர்."

அந்த வாக்கியம் அந்த முன்னறையோடு நின்றிருந்தால் தேடலில் ஒன்றும் அகப்பட்டிருக்காது. ஞானதுரை அதை மகளின் படத்தோடு சேர்த்து மேடை மேடையாகச் சொன்னார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். அரசாங்கம் அதைக் கொஞ்சம் செந்தமிழாக்கி, போதை எடுப்பவன் ஒருநாள் கொலை செய்வான் என்று எல்லாப் பேருந்தின் முதுகிலும், எல்லாப் பள்ளி நோட்டின் பின்னட்டையிலும் அச்சடித்தது. அப்படி அச்சான முதல் நோட்டை ஞானதுரை ஜெபமலரின் கல்லறையில் கொண்டுபோய் வைத்தார்.

நிலுவையில் அறுபத்தொரு வழக்குகள். செத்தவர்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. விலக்குமானி ஒவ்வொரு நாளிலிருந்தும் அந்த ஒரு வரியை உருவி எடுத்து ஓட்டத் தொடங்கியது. முதல் பெயர் கறுப்பாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பச்சைக்கு மாறியது. பச்சை என்றால், பிழைத்திருப்பார். நாலாவது பச்சை. ஐந்தாவது கறுப்பு. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, நாலும் பச்சை.

ஒவ்வொரு பெயர் மாறும்போதும் கூட்டத்தில் ஒரு இடத்திலிருந்து மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் இயக்கத்து ஆட்கள். அவரவர் வீட்டுப் பெயர் வரும்வரை திரையைப் பார்த்தார்கள். வந்து பச்சையானதும் திரும்பி ஞானதுரையைப் பார்த்தார்கள். முப்பத்தேழாவது பெயரோடு எந்திரத்தை நிறுத்தச் சொன்னார் நீதிபதி. போதும், மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். ஆனால் முப்பத்தேழாவது பெயரும் அதற்குள் மாறிவிட்டது.

அந்தப் பெயருக்கு உரியவரின் மனைவி சந்தனமாரி, இயக்கத்தின் முத்தையாபுரம் கிளைத் தலைவி. நடுவரிசையிலிருந்து எழுந்து, நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு, ஞானதுரைக்கு முன்னால் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்து ரூபவதி கணவனுக்குக் குறுக்கே கையை நீட்டினார். சந்தனமாரி திட்டவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்பது மாதிரித்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, எங்க நாத்தனார் மவன் மாத்திரை போட்டாலும் எங்க வீட்லதான சாப்பிட்டுட்டு, எங்க வீட்லதான படுத்துட்டு இருந்தான். எங்க வீட்டுக்காரரும் அவன ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க எங்க தெருவுக்கு வந்து பேசிட்டுப் போன அன்னைக்குத்தான் அவன் சட்டைதுணியத் தூக்கி வெளிய எறிஞ்சு கதவச் சாத்துனாரு. மறுநா காலைல அவன் வந்து கதவத் தட்டுனான்."

ஞானதுரை திரையில் பச்சையாக நின்ற பெயரைப் பார்த்தார்.

"அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு, உங்களுக்குப் பொன்னாடை போட்டது நாந்தான அண்ணாச்சி," என்றார் சந்தனமாரி.