விளிம்பூரில் பூமி உதயம்

வேலைக்குக் கிளம்பும்போது வெயினி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாசல் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். அந்த ஊரில் எல்லாருக்கும் அதே வழக்கம்தான். மின்காந்த அலை கசியும் பொருள் எதுவும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. யாரோடாவது பேசவேண்டுமென்றால் சுவருக்குச் சுவர் கம்பிபேசி இருக்கிறது. அது இல்லாத இடத்தில் நேரில் போய்த்தான் பேசவேண்டும். அதனாலேயே அந்த ஊரில் காதலர்கள் நிறைய நடந்தார்கள்.

ஊரின் பெயர் மறைமுகம். நிலாவின் முதுகுப் பக்கம்.

நிலா தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்ளும் காலமும், பூமியை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலமும் ஒன்றே. ஆகவே அதன் ஒரு முகம் மட்டுமே எப்போதும் பூமியைப் பார்த்திருக்கும். மறைமுகத்தில் பிறந்தவர்கள் வானத்தில் பூமியைக் கண்டதே இல்லை. பூமியின் வானொலி, கைபேசி இரைச்சல் எதுவும் அங்கே எட்டாது. நடுவில் ஒரு நிலாவே பாறையாகக் கிடக்கிறது. அந்த அமைதிக்காகத்தான் ஊரையே கட்டினார்கள். பெரும்பள்ளத்தில் விரித்திருந்த அலைவாங்கி வழியாக, பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தில் கிளம்பிய மெல்லிய அலைகளைக் கேட்பது வெயினியின் வேலை. அதைவிட்டு அவளைப் பிரிப்பது லேசில்லை.

அப்படிப்பட்டவள், குளிர்குழாய் பழுதுபார்க்க வந்த, பூமியைப் பார்த்த பக்கத்து ஊரான புவிமுகத்துக்காரன் இசக்கிராஜனிடம் மனதைக் கொடுத்துவிட்டாள். கல்யாணம் முடிவான மாதிரிதான். எங்கே குடியிருப்பது என்பதில்தான் முடிச்சு.

"எங்கம்மா அந்த ஜன்னல விட்டு வரமாட்டா," என்றான் அவன். "நீ ஒருதடவ வந்து பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அந்த வாரமே இருவரும் நிலவூர்தியில் ஏறினார்கள்.

இசக்கியின் அம்மா சேர்மக்கனி தூத்துக்குடியில் பிறந்தவள். நிலாவின் முதல் குடில்களுக்கு வெல்டிங் செய்ய வந்து முப்பது வருடமாகிறது. இங்குள்ள ஆறில் ஒரு பங்கு எடைக்குப் பழகிப்போன எலும்புகளை வைத்துக்கொண்டு இனி பூமிக்குத் திரும்ப முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் தன் கையாலேயே ஒரு பெரிய ஜன்னலைப் பற்றவைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

வெயினி உள்ளே நுழைந்ததும் ஜன்னலைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பூமியைப் பற்றி அவளுக்குத் தெரியாத கணக்கு இல்லை. பூமியிலிருந்து பார்த்தால் நிலா எவ்வளவு அகலமோ, அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு அகலத்தில் இங்கே பூமி தெரியும் என்று படித்திருந்தாள். ஆனாலும் அவ்வளவு பெரிய நீல உருண்டை, பிடிமானமே இல்லாமல் தலைக்குமேல் தொங்கினால் கழுத்து தானாகக் குனிகிறது.

சேர்மக்கனி வயிறு குலுங்கச் சிரித்தாள். "விழாது பிள்ளே! நான் வந்த நாள்லருந்து அங்கனதான் நிக்கா. ஒரு விரக்கட அசையல. வா, வந்து உக்காரு. இந்தா, இப்பதான் நம்ம பக்கம் திரும்புதா. கொஞ்ச நேரத்துல தூத்துக்குடிக்கு விடியும். எங்க அக்கா எந்திரிச்சு காப்பி போடுவா."

வெயினி உட்கார்ந்தாள். நன்றாகத்தான் இருந்தது. வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க அலைவாங்கிய இங்க வச்சா காது கிழிஞ்சிரும் அத்தை," என்றாள். "இவ்வளவு இரைச்சல்."

சேர்மக்கனியின் முகம் மாறியது. "ஏல இசக்கி, நம்ம ஊர இரைச்சல்ங்காளே!"

"எம்மா, அவ அலையச் சொல்லுதா..."

"எந்த அலைய? எங்க கடல்லயும் அலைதான் இருக்கு. யாரும் காதப் பொத்தல."

அன்று சாப்பாட்டின்போது இசக்கி இரண்டு பக்கமும் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலை வெயினி சேர்மக்கனியின் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு குங்குமச் சிமிழை எடுத்து, கண்ணாடியில் பூமியின் நடுவாக ஒரு பொட்டு வைத்தாள்.

"எதுக்கு இது?" என்றாள் சேர்மக்கனி, கோபம் முழுதும் ஆறாமல்.

"அழகுக்கு அத்தை. துடைக்காதீங்க."

நான்கு நாள் கழித்துச் சமையலறையிலிருந்த இருவருக்கும் சேர்மக்கனியின் கூச்சல் கேட்டது. ஓடிவந்தார்கள். அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, பொட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். பொட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பூமி அதைவிட்டு முழுசாக விலகி நின்றது.

"ஏட்டி, நவுந்துட்டாளே!"

"ஆடுறா அத்தை," என்றாள் வெயினி. "நிலா ஒரே சீராத்தான் தன்னைச் சுத்துது. ஆனா அது பூமியச் சுத்துற பாதை சரியான வட்டமில்ல. கிட்ட வரும்போது வேகமா ஓடும், தள்ளிப் போகும்போது மெதுவாப் போகும். ரெண்டும் கொஞ்சம் முன்னபின்ன ஆகுறதால, இங்கருந்து பாத்தா பூமி மாசம் முழுக்க ஊஞ்சல் மாதிரி ஆடும். நடுவானத்துல யாரும் கவனிக்கிறதில்ல."

"முப்பது வருசமா எனக்குத் தெரியலையே!" சேர்மக்கனி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்த ஆட்டம் நிலாவோட விளிம்புல என்ன செய்யும், சொல்லுங்க?"

சேர்மக்கனி யோசித்தாள். கையைத் தூக்கிக் காற்றில் மேலும் கீழும் ஆட்டிப்பார்த்தாள். கை அப்படியே நின்றது. "மேல வருவா. கீழ போவா."

"விளிம்பூர்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அங்க ஒரு சின்ன அலைவாங்கியும் சும்மா கிடக்கு. மாசத்துல பாதி நாள் இரைச்சல்னு யாரும் போகல. எனக்குப் பரவாயில்ல. பூமி இறங்கினதும் நான் கேக்கறேன். ஏறினதும் நீங்க பாருங்க. வர்றீங்களா அத்தை?"

"பாதி நாள் பாக்காம இருக்கணுமோ?"

சேர்மக்கனி ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "வெல்டிங் மிசின எடுத்து வைல இசக்கி," என்றாள் கடைசியில். "அங்க உள்ள ஜன்னல் எவன் வச்சதோ, காத்து ஒழுகும்."

கல்யாணம் விளிம்பூரிலேயே நடந்தது. அவர்கள் குடிபோனபோது பூமி அடிவானத்துக்குக் கீழே இருந்தது. வெயினி இரட்டை வேலை பார்த்தாள். அந்த ஊரின் அமைதி மறைமுகத்துக்கு இளைத்ததில்லை என்று பூரித்துப்போனாள். சேர்மக்கனிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைச் சரிசெய்தாள், பக்கத்து வீட்டு ஜன்னலையும் சரிசெய்தாள். புவிமுகம் வழியாக வந்த கம்பிபேசியில் அக்காவோடு பேசிவிட்டு, பேசிய திசையில் வெறும் கறுப்பு மட்டும் தெரிவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

பிறகு ஒருநாள் மலைமுகட்டின் மேல் மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரிந்தது.

விளிம்பூரில் பூமி பொசுக்கென்று உதித்துவிடாது. முழுசாக மேலே வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். சேர்மக்கனி அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்தபடி இருந்தாள். பால் பொங்கி வழிந்தது. பொங்கலுக்குப் பொங்கினதாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். தெருவிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு, கேசரி கிண்டிக் கொடுத்தாள். வேலையை நிறுத்திவிட்டு வந்த வெயினி, கைக்கடிகாரத்தைக் கட்டியபடியே அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கால்வாசி, அரைவாசி என்று வந்துகொண்டிருந்தது பூமி. வெண்மேகத்தின் கீழே வங்காள விரிகுடா பளபளத்தது.

சேர்மக்கனி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் நிறைந்து, முகமெல்லாம் சிரிப்பு.

"இத்தன வருசம் நான்தான் அவள உக்காந்து பாத்துட்டு இருந்தேன், பிள்ளே," என்றாள். "இன்னைக்குத்தான் அவளா என்னையப் பாக்க வந்திருக்கா."