நாலாம் கட்டிலின் எண்ணிக்கை

குதிகால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. காலையிலிருந்து உட்காரவில்லை. அந்த வலியோடுதான் நர்ஸ் நாலாம் கட்டிலருகே வந்தாள்; வந்ததும் ஈரச் சாக்கு வாடை. ஜன்னலே இல்லாத, வடிகட்டிய காற்று மட்டும் வரும் தீவிர சிகிச்சை அறையில், மழையில் நனைந்து மூலையில் கிடந்து புழுங்கிய சாக்கின் வாடை எப்படி வரும்? முகக்கவசத்தை அழுத்திக்கொண்டாள். வாடை கவசத்துக்கு உள்ளேயும் இருந்தது.

கட்டிலில் கிடந்தவன் மூட்டை தூக்குகிறவன். வாய்க்குள் குழாய், பக்கத்தில் புஸ்... புஸ்... என்று அவனுக்காக மூச்சுவிடும் வென்டிலேட்டர். நான்கு மணி நேரத்துக்கொரு முறை வாயைத் துடைத்து மருந்து தடவ வேண்டும். தவறினால் பூஞ்சை படர்ந்து நெஞ்சுக்குள் இறங்கும். அவள் ஷிஃப்டுக்கு மூன்று தடவை. வார்டில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். அவள் சார்ட் ஒருநாளும் பிந்தியதில்லை. எப்படிப் பிந்தும்? ஷிஃப்ட் தொடங்கும்போதே மூன்று கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். துடைப்பது கை ஒழிந்தால். நான்கு நாளாகக் கை ஒழியவில்லை. இரவு ஷிஃப்டுக்காரியும் இவளைப் பார்த்துத் தொழில் கற்றவள்தான்.

“அவரு வாய் நாறுது,” என்றாள், பார்க்க வந்திருந்த மனைவி. “நெசமாவே துடைக்கிறீங்களா?”

“சார்ட்டப் பாரும்மா. கையெழுத்து இருக்கா இல்லையா?”

“கையெழுத்தையா அவரு வாயில தடவுனீங்க?”

“உன் புருஷன் இங்க பேச வரல, மூச்சு விட வந்திருக்காரு. நேரமாச்சு, கிளம்பு.”

மனைவி திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள். “லோடு எண்ணுறதுல அவரு புலி. விரலால தட்டித் தட்டி எண்ணுவாரு. ஒரு மூட்டை குறைஞ்சாலும் ஆள விடமாட்டாரு.”

போய்விட்டாள்.

திரை அசைந்து நின்றது. இயந்திரத்தின் பெருமூச்சுக்கு அடியில், மரப்பலகைக்குள் பூச்சி அரிப்பதுபோல் ஏதோ சத்தம். பிறகு அது தெளிந்தது. டொக். அவன் அசையாமலிருக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அவன் விரல் கட்டில் கம்பியைத் தட்டியது. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள்.

பன்னிரண்டு. நின்றது.

நான்கு நாள். அவள் ஷிஃப்டுக்கு மூன்று.

டார்ச்சை அடித்து உதட்டை விலக்கினாள். நாக்கைக் காணோம். பால் ஏடுபோல் வெள்ளை, குழாயைச் சுற்றிச் சுற்றி. பஞ்சுக்குச்சியால் வழித்தாள். உரிந்தது. அடியில் இன்னொரு ஏடு. அதற்கும் அடியில் ஒன்று. பிறகு சிவந்த சதை. மருந்தைத் தடவினாள்.

டொக். டொக். இந்த முறை பதினொன்றில் நின்றது.

அவசரமாக மறுபடி துடைத்தாள். பதினொன்று. மறுபடியும். பதினொன்று. நான்கு மணி நேரத்துக்கு ஒன்றுதான் கணக்கில் சேரும்போல.

அவள் வாய்க்குள்ளும் ஏதோ தடித்தது. கவசத்தை இறக்கினாள். எஃகுத் தட்டில் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

வெள்ளை.

கத்தினாள். புஸ்... அவ்வளவுதான் வந்தது. இயந்திரத்தோடு சேர்ந்து, ஒரே தாளத்தில்.

கட்டிலில் கண்கள் திறந்திருந்தன. தூக்கிய விரல் காத்திருந்தது.

பதினொரு முறை வாய் துடைக்க வேண்டியது இன்னும் பாக்கி.