மூடியில் தெரிந்த முகம்

மாமல்லபுரம் கூரியர் கடையில் தொக்கு பாட்டில்களைக் கொடுத்துவிட்டு, கல்பாக்கம் பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்தாள் ஹெலன். சரியாக அப்போது பார்த்துத்தான் மழை பிடித்துக்கொண்டது. படபடவென்று ஜன்னல்களை மூடினார்கள். பஸ்ஸுக்குள் ஈரத் துணி வாசம்… அரை இருட்டு…

"ஏங்க… நீங்க 'ஹெலன் கைப்பக்குவம்' தானே?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. பக்கத்தில் ஓர் இளைஞன். தலை நனைந்திருந்தது, சிரிப்பு மட்டும் நனையவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல… கம்பியைப் பிடித்திருந்த கையை.

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"இந்தத் தழும்பு. எண்ணெ தெறிச்சிடுச்சுன்னு ஒரு வீடியோல சொன்னீங்களே… அப்புறம் இந்தப் பச்ச வளையல்."

ஹெலனின் கருவாட்டுத் தொக்கு வீடியோக்களை இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். எல்லோரும் பார்ப்பது அவள் கைகளை மட்டும்தான். 'மூஞ்சி வரக்கூடாது, வந்தா பேஜ இழுத்து மூடிடணும்.' அப்பா ஞானதாஸ் போட்ட ஒரே கண்டிஷன் அது. செங்கல்பட்டுத் துணிக்கடையில் நாளெல்லாம் கால்கடுக்க நின்ற வேலையை உதறிவிட்டு, அவளாக உருவாக்கிய பக்கம். அதற்காக எந்தக் கண்டிஷனுக்கும் அவள் தயார்.

முன்பின் தெரியாத ஒருவன் தன் கையை வைத்தே தன்னைக் கண்டுபிடித்துவிட்டானே… உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. காட்டிக்கொள்ளாமல், "நீங்க யாரு?" என்றாள்.

"மோகன். சொந்த ஊரு கருங்குழி. நாவலூர்ல ஐ.டி. வேல. 'மோகன் சாப்ட்டான்'னு ஒரு பிளாக் எழுதிகினு இருக்கேன்…"

அவ்வளவுதான். அந்த ஜிவ் சப்பென்று இறங்கிவிட்டது.

"ஓஹோ… 'இது தொக்கா, உப்பளமா'ன்னு எழுதன மவராசன் நீங்கதானா?"

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

"உப்பா இருந்துச்சுங்க… நெஜமா…"

"எதுக்குத் தொட்டுகினு துன்னீங்க?"

மோகன் ஈரத் தலையைச் சொறிந்தான். "பிரெட்டுல… ஜாம் மாதிரி… தடவி…"

கண்டக்டரே சிரித்துவிட்டார். ஹெலனுக்குச் சிரிப்பு வரவில்லை. "கருவாட்டுத் தொக்க பிரெட்டுல தடவுவாங்களா? நீ பாட்டுக்கு எழுதிட்டுப் பூட்ட. அதப் படிச்சிட்டு எத்தினி பேர் ஆர்டர கேன்சல் பண்ணாங்க தெரியுமா?" கோபத்தில் 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

அவன் முகம் வாடிப்போனது. "தப்புதாங்க. எப்டி சாப்டணும்னு காட்டுங்க… அதையும் வீடியோவோட எழுதறேன்."

"ஞாயித்துக்கிழம, சர்ச் முடிஞ்சதும் சதுரங்கப்பட்டினம் வாங்க. எங்கப்பா வூட்ல இருப்பாரு."

இறங்கிய பிறகுதான் உறைத்தது. பஸ்ஸில் பார்த்த ஒருவனை வீட்டுக்கே அழைத்துவிட்டோமே… அடி ஹெலன், உனக்கு என்னடி ஆச்சு?

வந்தான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து டச்சுக் கோட்டைச் சுவரோரம் காத்திருந்துவிட்டு வந்தான். ஞானதாஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தோ பாரு தம்பி, வீடியோ எடுத்துக்கோ. மூஞ்சி மட்டும் வரக்கூடாது."

"வராது அங்கிள்."

உப்பே போடாத பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்தாள் ஹெலன். ஓரத்தில் துளியூண்டு தொக்கு. "சோத்துல உப்பு கிடையாது. வெரல் நுனியால தொட்டுக்கணும். இது பெசஞ்சு அடிக்கிற ஐட்டம் இல்ல."

ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடினான். அடுத்த வாய்… அதற்கடுத்த வாய்… தட்டு காலியானது. நிமிர்ந்தபோது காரத்தில் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கிய கண்களோடு அவன் சிரித்த சிரிப்பில் ஹெலன் கையிலிருந்த கரண்டி நழுவி டங்கென்று விழுந்தது.

பிறகு அவள் தொக்கு கிளற, அவன் படமெடுத்தான். கொதிக்கும் கருவாட்டை விட்டுவிட்டுத் தன்னையே பார்க்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம். தலையைத் தூக்கிப் பார்க்கவும் வெட்கம். அடுப்போரம் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் வினை வந்தது அந்தச் சிரிப்பால்தான்.

அடுப்புக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த அண்டா மூடி… புளி போட்டு அவளே பளபளவென்று தேய்த்தது. அதில் அவள் முகம், சிரிப்போடு, அச்சாகத் தெரிந்தது. மோகன் தன் பிளாக்கில் போட்ட அந்த வீடியோவுக்கு அதுவரை காணாத கூட்டம் கூடியது. 'தொக்கைவிட மூடி சூப்பர்' என்று கமெண்ட் வேறு. அம்மா செங்கம்மாளுக்கு உறவுக்காரர்கள் போன் மேல் போன்.

ஞானதாஸ் கத்தவில்லை. "சொன்னது சொன்னதுதான். மூடிடு" என்றார்.

ஹெலன் மோகனை அழைத்தாள். "வியூஸ்க்காகத்தானே பண்ண? என் பேஜு போச்சு… எல்லாம் போச்சு. இனிமே எனக்கு போன் பண்ணாத."

அந்த நிமிடமே வீடியோவை நீக்கினான். எத்தனையோ முறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை. பக்கம் மூடப்பட்டது. தொக்குச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. துணிக்கடையில் மறுபடி ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்க அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்த அன்று, ஞானதாஸ் தன் போனை அவளிடம் நீட்டினார்.

"அந்தப் பையன் எழுதிருக்கான். படி. சத்தமா படி."

படமே இல்லாத பதிவு அது. ஹெலன் படித்தாள்…

'அந்தத் தொக்கில் உப்பு அதிகமில்லை, என் வாயில் கொழுப்புதான் அதிகம். இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. வெட்டி ஒட்டும்போது அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு தடவைகூட மூடி என் கண்ணில் படவில்லை. நான் பார்த்ததெல்லாம் அந்தக் கைகளைத்தான். உலகமே அந்த முகத்தைப் பார்த்துவிட்டது. எனக்கு மட்டும் அது தெரியவில்லை…'

அதற்கு மேல் எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடப்பாவி… இவன் மேலா வியூஸ் பைத்தியம் என்று பழி போட்டேன்?

"வெளிய நிக்கறான்" என்றார் ஞானதாஸ்.

மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றிருந்தான் மோகன். "அங்கிள்… மன்னிச்சிடுங்க. தப்பு என்னுது. அவங்க பேஜ மறுபடி தொறக்க விடுங்க. என்னுத வேணா மூடிடறேன்."

"அது இருக்கட்டும். நாங்க யாரு, இன்னான்னு தெரியுமா உனக்கு? உன் வூட்ல தெரியுமா?"

"தெரியும் அங்கிள். அம்மாகிட்ட சொன்னேன். மூணு நாளு பேசல. அப்புறம் அந்தத் தொக்கு பாட்டில தொறந்தாங்க… இப்போ பாட்டிலு காலி. 'அந்தப் பொண்ண எப்போடா பாக்கறது'ன்னு கேக்கறாங்க." சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

உள்ளே செங்கம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஞானதாஸ் மகளைப் பார்த்தார். "கண்டவன்லாம் பாப்பானேன்னு பயந்தேன் ஹெலனு. பாத்தானுங்க. வானம் ஒண்ணும் இடிஞ்சு வுழல. மூஞ்சி உன்னுது, பேஜும் உன்னுது. காட்றதும் காட்டாததும் உன் இஷ்டம். நீயே முடிவு பண்ணிக்கோ." துண்டை எடுத்து மோகன் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஓட்டு விளிம்பிலிருந்து மழைநீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ… என் மூஞ்சிய நீங்க பாக்கவே இல்லயா?" என்றாள் ஹெலன் மெல்ல.

"பஸ்லயே பாத்துட்டேன். அதான் கைய மட்டும் பாத்துகினு இருந்தேன். மூஞ்சிய பாத்தா பேச்சு வராது…"

"இப்போ வருதே?"

"வரலயே… நாலு நாளா ஒத்திகை பாத்தது எல்லாம் மறந்துபோச்சு. உன்ன ரொம்பப் புடிச்சிருக்கு ஹெலன். அது மட்டும் ஞாபகம் கீது."

பச்சை வளையல் குலுங்க, ஹெலன் தன் போனை அவன் ஈரக் கையில் வைத்தாள். அவனை உள்ளே அழைத்துப்போய், கவிழ்ந்து கிடந்த சட்டியை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றினாள். சுவரில் சாய்ந்திருந்த அண்டா மூடியை எடுத்துக் குப்புறப் போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும்தான் புடிச்சிருக்கு. எடுங்க… இந்தத் தடவ மூடியில வேணாம். நேரா எடுங்க."