பூட்டிய வீட்டில் இரண்டு யூனிட்

காலை 10.20. காரிமங்கலத்தில் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு. மீட்டர் பெட்டியில் செருகியிருந்த மின்வாரிய அட்டையைப் படித்த காசியம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். இரண்டு வருடமாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு இரண்டு யூனிட் ஏறியிருந்தது.

காசியம்மாள் ஓய்வுபெற்ற நர்ஸ். விற்பனைக்கு என்று யாரும் சொல்லாத வீடுகளை, வாசலில் முளைத்த எருக்கஞ்செடியை வைத்தே கண்டுபிடிப்பார். சொந்தக்காரரைத் தேடிப்பிடித்து வாங்கி, பழுதுபார்த்து வாடகைக்கு விடுவார்.

வீட்டுக்காரர் அறிவழகன் தருமபுரியிலிருந்து மனைவி நிர்மலாவோடு வந்திருந்தார். அப்பா இறந்தபின் இந்தப் பக்கமே வரவில்லை என்றார். நூறு யூனிட் வரை இலவசம் என்பதால் பில்லும் வரவில்லை. நிர்மலா இந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. வாராவாரம் இந்த ஊர்ச் சந்தைக்கு வருவதோடு சரி.

10.35. அறிவழகனின் சாவி பூட்டில் சுலபமாகத் திரும்பியது. ஓடு கலையவில்லை. கூடமெல்லாம் தூசி, உள்ளறை மட்டும் பெருக்கியிருந்தது. ஒரு பாய், ஒரு தலையணை. புழுக்கம் தாங்காமல் நிர்மலா இருட்டில் கதவுக்குப் பின்னால் கைவிட்டு ஃபேனைப் போட்டார்.

இன்னொரு சாவி பக்கத்து வீட்டு மாதுவிடம் இருந்தது. அறிவழகன் அவரை அழைத்தார்.

"வூட்டைத் தொறந்தது நீதான?"

"இல்லீங்க."

"பின்ன யாரு?"

மாது அதற்குப் பதிலாகத் தன் சாவியை எடுத்து நீட்டினார். அறிவழகன் போலீசுக்குச் சொல்வதாகப் போனை எடுத்தார்.

காசியம்மாள் மாதுவின் சாவியை வாங்கிப் பூட்டில் போட்டார். துருவேறிய சாவி அசையவில்லை. பிறகு உள்ளறைக்குப் போய் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

10.50.

"தொறந்தது உங்க சாவிதாங்க. வந்தது நிர்மலா. பலகையில ஆறு சுவிட்ச். மூணாவது மட்டுந்தான் வேலை செய்யுது. தங்காத வூட்டுல, இருட்டுல, நேரா அதைத் தட்டுனாங்க. வாரத்துக்கு மூணு மணி நேரம் ஃபேன் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு ரெண்டு யூனிட்தான் வரும்."

நிர்மலா தலைகுனிந்தார்.

"தூங்கத்தாங்க வந்தேன். இங்க என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

வீட்டில் இரண்டு வருடமாகப் படுக்கையோடு கிடக்கும் மாமியார் இரவெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார். பகலில் பிள்ளைகள். சந்தை நாளில் மட்டும் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வார். மாதுவுக்கு இது தெரியும். அந்தப் பெண்ணின் தூக்கத்தைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அறிவழகன் மாதுவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். காசியம்மாளிடம் வீட்டை விற்கவில்லை என்றார். நாலு மாதமாகத் தேடி காசியம்மாளுக்குக் கிடைத்த நல்ல வீடு அது. அவர் பெருமூச்சுவிட்டு, மழைக்கு முன் ஓடு மாற்றச் சொல்லி ஒரு கொத்தனாரின் நம்பரைக் கொடுத்தார்.

"நீ படு. ராத்திரி இனிமே அம்மாவை நான் பாத்துக்கறேன். சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் அறிவழகன் மனைவியிடம்.

கதவை மெல்லச் சாத்தினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் படியிறங்கினார்.