நான்கு வயர்களில் நான்கு பொட்டு

விஜயதசமி, காலை 7.10. அம்பிட்டிய மேட்டில், ஓய்வுபெற்ற தபாலதிபர் வரதராசாவின் வீட்டு முற்றத்தில், அவருடைய மொரிஸ் மைனர் செத்துக் கிடந்தது.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது. ஒருமுறை இருமியது, படாரென்று புகை கக்கியது, அடங்கிவிட்டது. முதல் நாள்தான் ஆயுத பூசை செய்து மாலை போட்ட கார். இன்று முதல் ஓட்டம் கோயிலுக்கு என்று வரதராசா நேரம் குறித்து வைத்திருந்தார். வேலையை விட்டுப் பத்து வருஷமாகியும் நேரம் தவறினால் அவருக்குப் பொறுக்காது.

7.25க்குக் குற்றவாளியையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். டிரைவர் அழகையா. பூசைக்கு ஊருக்குப் போக லீவு கேட்டு, மறுத்தும் கேளாமல் புசல்லாவைக்குப் போய், இன்று விடிந்த பிறகுதான் திரும்பியவர்.

"கோவத்திலை எதையோ குழப்பிப் போட்டாய்! பொனட்டிலை கை வைக்காதை. சாவியை வைச்சிட்டு வெளிக்கிடு!"

இதை அவர் முற்றத்தில் நின்று, இரண்டு பக்கத்து வீட்டாரும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும்படி கத்தினார். அழகையா அந்தக் காரைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். வண்டியைக் கெடுத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால் அம்பிட்டியவில் வேறு எந்த வீடு அவரை நம்பிச் சாவி கொடுக்கும்? சாவியை வைத்துவிட்டு, உடுப்புப் பையோடு வந்து வாசல் படியில் உட்கார்ந்தார். போக அவருக்குக் கால் வரவில்லை.

மனைவி லீலாதேவி கணவரோடு வாதாடவில்லை. அது வீண்வேலை என்பதில் அவருக்கு நாற்பது வருஷ அனுபவம் இருந்தது. பேசாமல் உள்ளே போய் அலவத்துகொடவில் இருக்கும் ரபீகாவுக்குப் போன் எடுத்தார். ரபீகா பழைய கார்களுக்குச் சாமான் விற்பவர், திருத்தவும் தெரிந்தவர்.

8.40. ரபீகா ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"சாவி எங்க மாஸ்டர்?"

"மூண்டாம் ஆணியிலை."

விறாந்தைச் சுவரில் ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே இலக்கம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பழைய பேப்பர்கள் திகதிவாரியாகக் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. ரபீகா எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொனட்டைத் திறந்தார்.

பெற்றோல் வந்தது. பெற்றரியும் நல்ல பலம். பொறியைப் பிரித்துக் கொடுக்கும் வட்ட மூடியிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் நான்கு வயர்களும் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் இரண்டு நுனியிலும் ஒரே அளவில் சந்தனப் பொட்டு. ஒரு வயரைக் கழற்றிச் சோதித்தார். நீலப் பொறி பறந்தது. அவர் விரலில் காய்ந்த சந்தனம் உதிர்ந்து ஒட்டியது.

ரபீகா அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படிக்குப் போனார்.

"எத்தன மணிக்கு வந்தீங்க அண்ணன்?"

"ஏழு மணிக்கு தங்கச்சி. வந்து கொஞ்சத்துல ஐயா ஏசத் தொடங்கிட்டாரு."

"பொனட்டத் தொறந்தீங்களா?"

"தொடவே விடலையே."

"இந்த நாலு வயரும் மூடியில எந்த வரிசைல சுத்திப் போகும்?"

அழகையா யோசிக்கவே இல்லை. "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு."

ரபீகா திரும்பினார். "மாஸ்டர், நீங்க சொல்லுங்க?"

"இதென்ன சின்னப்பிள்ளையளைக் கேக்கிற கேள்வி? ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. முந்தி எல்லாம் தாறுமாறாக் கிடந்தது, நான்தான் நேற்று..."

வரதராசாவின் பார்வை பொனட்டுக்குப் போனது.

"நீங்கதான் மாஸ்டர்" என்றார் ரபீகா. குரலில் கோபம் இல்லை. "பூசைக்குத் தூசு தட்ட நாலையும் கழட்டியீக்கிறீங்க. மாட்டக்குள்ள, ஆணியில சாவி மாட்டின மாதிரி ஒழுங்காக்கிட்டீங்க. ஆனா இந்த எஞ்சினுக்கு ஒண்டுக்குப் பொறகு மூணுக்குத்தான் நெருப்பு வேணும்."

"நான் திருத்தினதுக்குப் பிறகு உவன் வந்து மாத்தியிருக்கலாம்தானே?"

"வயரத் தொட்டா பொட்டு உதிரும். பாருங்க, நான் கழட்டின ஒண்டுதான் அழிஞ்சீக்கி. மத்ததெல்லாம் நீங்க வெச்ச மாதிரியே ஈக்கி. பூசைக்குப் பொறகு ஒருத்தரும் கை வைக்கல்ல. கெடுக்க வந்தவன் ஒரு வயரப் புடுங்கி எறிஞ்சிட்டுப் போவான். பொட்டு வெச்சிட்டா போவான்?"

லீலாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ரபீகா மூன்று வயர்களை இடம் மாற்றினார். 9.20. முதல் திருப்பிலேயே எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது.

வரதராசா சாவியை ஆணியில் மாட்டுவதா, கொடுப்பதா என்று தெரியாதவர் போல எஞ்சினை நிறுத்தி, சாவியோடு படியருகே வந்தார். மெல்லிய குரலில் சொன்னார்: "சரி அழகையா, பிடியும். நேரம் போகுது."

அழகையா எழும்பவில்லை.

"காலையில அக்கம்பக்கம் எல்லாத்துக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்க ஐயா. இப்ப சொல்றது எனக்கே சரியா கேக்கல."

வரதராசாவுக்கு முகம் கறுத்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. முற்றத்தின் நடுவுக்குப் போனார். வேலியின் இரு பக்கமும் பார்த்தார். காலையில் கத்திய அதே உரத்த குரலில் சொன்னார்:

"எல்லாரும் கேளுங்கோ! காரைப் பழுதாக்கினது நான். அழகையா ஒரு பிழையும் செய்யேல்லை. தெரியாமல் அவரை ஏசிப்போட்டன். அவரிட்டை மன்னிப்புக் கேக்கிறன்!"

இடது பக்க வீட்டில் ஒரு யன்னல் திறந்தது. அவர் அந்த யன்னலைப் பார்த்து, முழுவதையும் இன்னொரு தடவை சொன்னார்.

அழகையா சேர்ட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து சாவியை வாங்கினார்.

"போதும், ஏறுங்க ஐயா. கோயில்ல பூசை முடிஞ்சிரும்."