கண்ணாடிக்கு அடியில்

மூன்றாக இருக்க வேண்டிய புடைப்புகள் ஐந்தாக இருந்தன.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, கசக்கிவிட்டு, மறுபடி குனிந்தாள். அந்தக் கோழிக்கருவை முட்டையிலிருந்து எடுத்து, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, ஊதாச் சாயமேற்றிக் கண்ணாடி ஸ்லைடுகளில் ஒட்டியவள் அவள்தான். நேற்றுப் பார்த்தபோது மூளை மூன்று புடைப்புகளாக, இன்னும் எதுவாகவும் ஆகாமல் கிடந்தது. செத்தது வளர்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் அக்காவிடம்தான் சொன்னாள். ஸ்லைடு மாறியிருக்கும், வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கு என்றாள் அக்கா. சொன்னபோது இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் கண் குழிந்து, வளையமாகி, கறுத்தது. மூளைக்குள் நரம்பிழைகள் ஊதா நூலாக ஓடின. முதல் முட்டையை உடைக்கத் தயங்கியபோது, இந்தப் பருவத்தில் அதற்கு வலி தெரியாது என்று அக்கா தேற்றியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனையையும் சீவினாள். அந்தப் பருவத்தை அது இப்போது தாண்டிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம், திரை இழுத்துவிட்ட அறையில், ரசாயன நெடி தொண்டையில் கசக்க, குளிர்பெட்டி எங்கோ முனகிக்கொண்டிருக்க, அவள் குனிந்து மைக்ரோஸ்கோப்பின் விளக்கைக் கூட்டினாள்.

கண்மணி சுருங்கியது.

குறைத்தாள். விரிந்தது.

கூட்டினாள். சுருங்கியது.

"பாத்துட்டியா?" பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

"இதுக்கு வலிக்குமாக்கா?"

அக்கா தன்னுடைய ஸ்லைடுகளை எரித்துப் பார்த்ததாகவும், கண்ணாடிதான் கருகியதே தவிர உள்ளே இருந்தது அப்படியே இருந்ததாகவும் மெல்லச் சொன்னாள். பிறகு, "ஒண்ணும் பண்ண முடியாதும்மா. திரும்ப ஒண்ணா ஒட்ட முடியாது. கொல்லவும் முடியாது. அதைத்தான் ஏற்கெனவே பண்ணிட்டோமே," என்றாள்.

அக்கா போன பிறகும் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்திருக்க நினைத்தாள். மேசையில் தட்டுத் தட்டாக ஸ்லைடுகள். கண்ணை மறுபடி வில்லையில் வைத்தாள். அலகு வந்திருந்தது. குறுக்கே அறுபட்ட அலகு.

திறந்தது.

மூடியது. திறந்தது.

சத்தமில்லை. கத்துவதற்குத் தொண்டை வேறொரு ஸ்லைடில் இருந்தது.

அடுத்ததை வைத்தாள். அதிலும். அதற்கடுத்ததிலும். தலை நிமிர்ந்து தட்டுகளைப் பார்த்தாள். விளக்கொளியில், ஸ்லைடுகளை மூடிய மெல்லிய மேல்கண்ணாடிகள் அத்தனையும், லேசாக, ஒன்றுபோல, எழும்பி எழும்பித் தணிந்துகொண்டிருந்தன.